சிவப்பு நூலில் தைத்த காய்ச்சல்

நான் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வந்த நம் பெண்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊசி வலித்ததா, கிறிஸ்தவர் கைக் கஞ்சியைக் குடித்தாயா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "அதையெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு நீ ஏன் அப்படி அடம் பிடிச்ச?" என்பதுதான். சிலர் செல்லமாகக் கேட்டார்கள். சிலர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இந்தக் கல்கத்தாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். அவற்றில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு நாளைக்குக் காய்ச்சல் வருமோ, அவளுக்கு இது உதவட்டும்.

என் பெயர் கோமளவல்லி. பிறந்த ஊர் காஞ்சிபுரம். என் கணவருக்கு இங்கே வானிலை ஆபீஸில் உத்தியோகம். நாடெங்கிலும் இருந்து வெயில், மழை, காற்றழுத்தம் என்று தந்தியில் வரும் எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுப்பது அவர் வேலை. கழித்துப் போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கத்தில் எங்கள் மகள் பங்கஜம் அ, ஆ எழுதிப் பழகினாள். முன்பக்கத்தை நான் படித்தேன். இந்தக் கோடு ஏன் இங்கே இறங்குகிறது, அந்தக் கோடு ஏன் அங்கே ஏறுகிறது என்று அவரைத் துளைத்து எடுப்பேன். அலுக்காமல் சொல்லிக்கொடுப்பார், நல்ல மனுஷர். வங்காள விரிகுடாவில் எங்கே புயல் கருக்கொள்கிறது என்று எனக்குச் சொன்ன அதே மனுஷர் என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். துர்கா பூஜைக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்தது. இந்த ஊரில் காய்ச்சல் வராதவர் யார்? மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா விழுங்கினேன். காது இரைந்தது, காய்ச்சல் போயிற்று, பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடியும் கொயினா. இப்படியே மார்கழி ஆகிவிட்டது. கையும் காலும் வற்றிக் குச்சியாகின. வயிற்றில் இடது விலாவுக்குக் கீழே மட்டும் கல்லாகத் தடித்து முன்னே தள்ளியது. முகம் கறுத்தது. தலைமயிர் சீப்போடு வந்தது. வேடிக்கை என்னவென்றால் பசி மட்டும் போகவில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்துகொண்டு சோறு கேட்பேன். டாலிகஞ்சில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், "பசி இருந்தால் பயமில்லை" என்று சொல்லிப் பங்கஜத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அந்த உதவியை நான் செத்தாலும் மறக்க முடியாது. அப்போது சாவது நிச்சயம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், என்னைத் தவிர. எனக்கு யாரும் சொல்லவில்லை.

என்னைச் சேர்த்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் ஆஸ்பத்திரியில். மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. என் காய்ச்சல் எத்தனை டிகிரி என்றுகூடச் சொல்லாதவர்கள் மதத்தை எங்கே தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்?

அங்கே நடைமுறை இதுதான். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நாக்குக்கு அடியில் தர்மாமீட்டரை வைப்பார்கள். பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்துக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் குறிப்பார்கள். அட்டையில் எழுத்து இருக்கும் பக்கம் வெளியே பார்த்திருக்கும். படுத்திருப்பவளுக்கு அட்டையின் முதுகு மட்டும்தான். எவ்வளவு என்று கேட்டால், "கொஞ்சம்" என்பார்கள். படிக்கவும் எழுதவும் கூடாது, மூளைக்குச் சூடு ஏறும் என்று மதர் உத்தரவு. மதர் என்றால் எல்லாக் கன்னியாஸ்திரீகளுக்கும் தலைவி, வெள்ளைக்காரக் கிழவி, நல்லவர்தான், ஆனால் உத்தரவு உத்தரவுதான்.

டாக்டர் பாபு வாரத்தில் மூன்று நாள் வருவார். ஐம்பது வயது வங்காளி, கோட்டுக்குக் கீழே வேட்டி. விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்ப்பார். "பாலோ, மா, பாலோ" என்பார். நன்றாயிருக்கிறது அம்மா என்று அர்த்தம். பிறகு என் கணவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அரை மணி பேசுவார். நன்றாயிருப்பதைப் பற்றி அரை மணி பேச என்ன இருக்கிறது? கண்ணாடிக் கதவு வழியே வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. அங்கே பேசப்பட்டது என்னுடைய வயிறு. திரும்பி வந்தவரிடம் கேட்டால், "சாதாரண ஜுரந்தான் கோமளம். நீ ஒண்ணும் மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்பார்.

சிஸ்டர் ஆக்னஸ் தூத்துக்குடிக்காரர். கடலில் வலை போடுகிற குடும்பம். நாற்பது வயதிருக்கும். முதல் நாளே என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, தமிழாளா நீங்க? பாத்த ஒடனே நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

மதியம் இரண்டு மணி அவர்களுக்கு ஓய்வு நேரம். வேலை இல்லாத சிஸ்டர்கள் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அவர்கள் மாதா கோயிலுக்குள் போயாக வேண்டும் என்பது விதி. என் ஜன்னலுக்கு நேர் எதிரே கோயில் வாசல். மற்றவர்கள் புத்தகம் வைத்திருப்பார்கள், ஜபமாலை உருட்டுவார்கள். சிஸ்டர் ஆக்னஸ் கடைசி பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் அசைய மாட்டார். தூங்குகிறாரா என்று பார்த்தேன், தூங்கவில்லை. படிக்க விடாத ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தெனம் உள்ள போய் என்னதான் செய்றீங்க சிஸ்டர்?"

"ஒண்ணும் செய்யலம்மா. சும்மா இருக்கேன்."

"சாமியப் பத்தி நெனப்பீங்களா?"

"நெனப்பு வரும். வந்தா விட்டுருவேன். நம்ம நெனப்புக்குள்ள அடங்குனா அது அவரா இருக்காதுல்லா."

"நெனப்பையும் விட்டுட்டா அப்புறம் என்ன மிச்சம்?"

"இருட்டு."

"அந்த இருட்டுக்குள்ள அவரு இருக்காருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார், தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே. "ஆசையா இருக்கும். அவ்வளவுதான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். அவர்கள் மதத்தில் இது பழைய வழியாம். மடங்களில் இருந்த ஆணும் பெண்ணும் நடந்து பார்த்த வழி. மனிதனுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையை வைத்ததே கடவுள்தான். அந்த ஆசை படியேறிப் போகும். கடைசிப் படிக்கு மேலே படி கிடையாது. அறிவு அங்கே நின்றுவிடும், அன்பு மட்டும் மேலே போகும். அதனால் அங்கே போய் ஒன்றும் கேட்காமல் காத்திருக்க வேண்டும். அதுதான் அவருடைய இரண்டு மணி.

எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துகொள்ளாதே என்று சொல்ல இன்னொரு ஆளா? புருஷன் சொல்லியாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று, இப்போது மேலே இருக்கிறவரும் அதையே சொல்கிறாரா?

"கேள்வி கேக்காம பொம்பளைங்கள உக்கார வெக்கறதுக்கு இது நல்ல ஏற்பாடு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்கப்பா கடலுக்குப் போனா எங்கம்ம கரையில நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. ராத்திரி கடல்ல என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஆனாலும் பாப்பா. நான் அவகிட்ட படிச்சதுதான் இது. மடத்துல படிச்சது இல்ல."

"விடிஞ்சா படகு வந்துடுமில்ல? அப்பத் தெரிஞ்சுடுமே."

"ஒரு நா வரல" என்றார் சிஸ்டர். "அப்புறமும் நின்னா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் என் கணவர் டிராமில் வந்து இறங்கினார், கையில் பெரிய தூக்கு. அதுவரை எனக்கு பார்லித் தண்ணீரும் குழைந்த கஞ்சியும்தான். அன்றைக்குத் தூக்கைத் திறந்தால் புளியோதரை. அதற்குக் கீழே அப்பளம். ஒரு மண் சட்டியில் புது வெல்லம் போட்ட சந்தேஷ், இந்த ஊர்ப் பால் இனிப்பு. வேறென்ன வேண்டும், மிளகாய்ப்பொடி தோசை வேண்டுமா, வத்தக்குழம்பு வேண்டுமா, எது வேண்டுமானாலும் சொல் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது போதும். பத்தியத்தை எப்போது தளர்த்துவார்கள்? ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று வைத்தியர் எப்போது சொல்வார்? என் சித்தப்பாவுக்குச் சொன்னார்கள். என் ஓரகத்திக்குச் சொன்னார்கள். ஒருத்தருக்கும் பதினாறு நாள் தாண்டவில்லை. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பாவம். மறைக்கத் தெரியாதவர்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊருக்குக் கூட்டிட்டுப் போன்னாரு. நம்ம ஊர்க் காத்து பட்டா சரியாயிடுமாம். டிக்கெட் வாங்கிட்டேன். இன்னும் மூணு வாரத்துல."

"எனக்கு என்ன வியாதி?"

"சாதாரண ஜுரம் கோமளம்."

நான் அந்தப் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பசியோடு சாகிறதில் என்ன பெருமை? சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். ரயில் ஊர் எல்லையில் இருக்கும் சாந்த்ராகாச்சி யார்டைத் தாண்டும்வரைகூட இந்த உடம்பு தாங்குமோ தெரியாது. காஞ்சிபுரத்தில், மாஷிமாவிடம் விட்டுப்போகும் என் பெண்ணும் இருக்க மாட்டாள், டாக்டரும் இருக்க மாட்டார். அங்கே போய்ச் சேர்ந்தால் எல்லாரும் அழுவார்கள், அதுவும் என் எதிரில் அல்ல, சமையல்கட்டில் போய். எனக்கு இருந்தது மூன்று வாரம். என்னைக் கொல்வது எது என்று தெரியாமல் நான் ரயில் ஏறுவதாக இல்லை.

புதன்கிழமைதோறும் மதர் தையல் கூடையோடு வருவார். எழுதத்தான் கூடாது, தைக்கலாம். தையல் மனதுக்கு அமைதியாம். எனக்கு ஒரு கான்வாஸ் துணியும் கம்பளி நூலும் ஊசியும் கொடுத்தார். இங்கே வங்காளிப் பெண்கள் செய்கிற கார்ப்பெட் வேலை அது. துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு ஆட்டுக்குட்டி, பூச்சாடி எல்லாம் தைப்பார்கள். நான் அந்தத் துணியை மடியில் விரித்து வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் வீட்டுத் தாள். இந்தக் கட்டங்களைப் படித்துத்தானே நான் எட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

அட்டையில் இருப்பது ஆறு மணிக் காய்ச்சல் மட்டும். ஆனால் என் உடம்பு எனக்குத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு நான் நெருப்பாகக் கொதிப்பேன். ஆறு மணிக்குள் வேர்த்துத் தணிந்துவிடும். விளக்கைத் தணிக்கும் ஒன்பது மணிக்கு மறுபடி குளிர் உதறும். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். "மனக் கலக்கம், மா" என்றார். அட்டையில் என் காய்ச்சல் தேறிக்கொண்டு வந்ததாம், கட்டிலில் நான் தேய்ந்துகொண்டு வந்தேன்.

சிஸ்டர் ஆக்னஸிடம் கேட்டேன். காலை பத்து மணிக்கு மருந்து கொடுக்க வருகிறீர்கள், இரவு ஒன்பதுக்கு விளக்கைப் பார்க்க வருகிறீர்கள், அப்போது தர்மாமீட்டரும் வையுங்கள். இரண்டு மணிக்கும் வாருங்கள்.

"ரெண்டு மணி கோயில் நேரமம்மா. நோயாளிக்கு எண்ணைச் சொல்லவும் கூடாதுன்னு மதர் சொல்லியிருக்காவ."

"நீங்க சொல்ற இருட்டுக்கு நான் இன்னும் வந்து சேரல சிஸ்டர். நான் வெளக்கு எரியுற எடத்துல நிக்கறேன். இங்க எதுக்குக் கண்ண மூடிக்கணும்?"

அவர் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு மணிக்குக் கோயில் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. சிஸ்டர் என் கட்டிலருகே வந்து அங்கியின் கைக்குள்ளிருந்து தர்மாமீட்டரை எடுத்தார்.

"ராத்திரி யோசிச்சேன்" என்றார். "கடைசிப் படி வரைக்கும் நடந்தவனுக்குத்தான் அந்த இருட்டு. நடக்காமலே உக்காந்துட்டு இருட்டுங்கிறவன் சோம்பேறி. நீங்க நடங்க."

எண்ணை அவர் சொல்லவில்லை. விதி விதிதான். தர்மாமீட்டரை வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வேண்டிய அளவுக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் படித்தேன். நூற்று மூன்றரை.

அன்றிலிருந்து ஆறு மணித் தர்மாமீட்டரையும் அவரே வைத்து அப்படியே தூக்கிப் பிடித்தார்; காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று ஒரு நாளைக்கு ஐந்து கட்டம். சாதாரண உடம்புச் சூட்டுக்கு நீல நூலில் ஒரு நேர்கோடு. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு அரை டிகிரிக்கும் ஒரு சிவப்புக் குறி. விரலில் ஊசி ஏறும். சில நாள் இரண்டு தையலுக்குள் தலை சுற்றிவிடும். விடவில்லை. பன்னிரண்டு நாள் தைத்தேன்.

அந்த இரண்டு மணிகளில் தர்மாமீட்டர் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் சிஸ்டர் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கோயிலில் இருப்பது போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நான் தைப்பேன். தப்பு செய்கிற இரண்டு பெண்களைப் பார்த்தால் அவ்வளவு சாந்தமாக இருக்கும்.

பதின்மூன்றாம் நாள் மதர் கூடையோடு வந்து என் துணியைக் கையில் எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "மலைகள்" என்றார். ஒவ்வொன்றும் இரட்டை மலை. ஒன்று கடவுளின் பத்துக் கட்டளைகள் கிடைத்த மலை, மற்றது சிலுவை நின்ற மலை என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். கீழே நீலம் கலிலேயாக் கடலாம். கோயிலில் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். சிஸ்டர் ஆக்னஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டாக்டர் பாபு உள்ளே வந்தார். மதர் பெருமையோடு துணியை அவரிடம் நீட்டினார், இந்த இந்துப் பெண்ணின் பக்தியைப் பாருங்கள் என்று.

டாக்டர் மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தார். திருப்பிக் கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். ஜன்னலருகே போனார். நகத்தால் கட்டங்களை எண்ணினார். "ஏ கீ, மா?" என்று கேட்டார். இது என்ன அம்மா?

"ஆமார் ஜ்வர்" என்றேன். என்னுடைய காய்ச்சல்.

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டம்?"

"அஞ்சு. மொத மேடு மத்தியானம் ரெண்டு மணிக்கு, ரெண்டாவது மேடு ராத்திரி ஒம்பது மணிக்கு. நடுவுல எறங்கற பள்ளம் சாயங்காலம் ஆறு மணி, நீங்க அட்டையில எழுதற நேரம்."

எத்தனையோ நாள் என்னைப் பார்த்த அந்த மனுஷர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும் காய்ச்சல், கல்லான மண்ணீரல், கறுத்த முகம், போகாத பசி. எல்லாம் அவர் முகத்தில் ஒன்றாகச் சேர்வதைப் பார்த்தேன். மதர் அதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இரண்டு மணிக்குத் தர்மாமீட்டர் வைத்தது யார் என்று கேட்டார். "நான் மதர்" என்றார் சிஸ்டர்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். டாக்டர் வழக்கம் போல அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நான் எழுந்தேன். ஒரு கட்டிலைப் பிடித்து, அடுத்த கட்டிலைப் பிடித்து, பதினொரு கட்டில் தாண்டிக் கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என் எதிர்ல பேசுங்க."

"பயந்துவிடுவாய் மா" என்றார் டாக்டர்.

"இப்பவும் பயந்துகிட்டுதான் இருக்கேன். எதுக்குன்னு தெரிஞ்சு பயந்துட்டுப் போறேன்."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார், அனுமதி கேட்பது போல. என் கணவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். "கோடு போட்டவ அவ. அவகிட்டயே சொல்லுங்க."

அவர் மேல் இருந்த கோபம் முழுவதும் அங்கேயே போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று.

டாக்டர் சொன்னார். இது காலா ஆஜார் என்று சந்தேகப்படுகிறேன். கறுப்புக் காய்ச்சல். மலேரியா இல்லை, கொயினாவுக்குக் கேட்காது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மண்ணீரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். குத்தின இடத்தில் உள்ளேயே ரத்தம் கசிந்தால் அன்றைக்கே உயிர் போகலாம். காலா ஆஜார்தான் என்றால், இதுவரை அது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. இப்போது புதிதாக ஒரு மருந்து. ஆன்டிமனி, நீங்கள் அஞ்சனக்கல் என்பீர்களே, அதிலிருந்து எடுக்கும் உப்பு. இரத்தக் குழாயில் நேராக ஏற்ற வேண்டும், மாதக்கணக்கில். சிலர் பிழைத்திருக்கிறார்கள். நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அந்த நாலு மாதத்தில் முதல் தடவையாக நான் ஒரு முழு மனுஷியாக நின்றேன்.

"குத்துங்க" என்றேன்.

மூச்சை அடக்கச் சொல்லி விலாவுக்குக் கீழே ஊசியை இறக்கினார்கள். குத்தியது ஒரு நொடிதான். ஆனால் பிறகு வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டி, ஒரு பகலும் ஒரு இரவும் அசையாமல் கிடக்க வேண்டும். என் கணவர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானாகவே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் என்றைக்கு என்ன சொன்னார், ஊருக்கு என்ன எழுதினார், எத்தனை நாள் டிராமில் அழுதுகொண்டே போனார் என்று. மிச்சப் பாதிக் கோபம் அப்போது போயிற்று.

மறுநாள், காலா ஆஜார்தான் என்றார் டாக்டர். எனக்குக் காட்டுங்கள் என்றேன். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக்ராஸ்கோப் என்பது சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குழாய். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. என்னைத் தின்றுகொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். கண் வலிக்கும்வரை பார்த்தேன். இனிமேல் யாரும் என்னிடம் சாதாரண ஜுரம் என்று சொல்ல முடியாது.

அன்று இரண்டு மணிக்கு சிஸ்டர் ஆக்னஸ் வந்தார். தர்மாமீட்டர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். தெரிந்துகொள்ள முடிந்தது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து கேட்குமா, பங்கஜத்தை வளர்க்க இருப்பேனா என்பது மட்டும் டாக்டருக்கும் தெரியாது, மதருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆளே இல்லை. அப்போதுதான் நான் கேள்வியை விட்டேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அது என்ன என்று கேட்டால் கடவுள் என்று சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் தனியாக இல்லை என்று மட்டும் இருந்தது. அந்த இடத்தில் என்னை யாரும் கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை, என் காலால் நடந்து வந்தேன். அதை சிஸ்டரும் அறிவார்.

எழுந்திருக்கும்போது, "நாளைக்கு வேற மடத்துக்குப் போறேன்" என்றார்.

"எங்க?"

"வண்டி ஏறும்போது சொல்லுவாவ."

"என்னாலதான?"

"விதிய மீறுனது நான். நீங்க என்ன செஞ்சிய?"

"எந்த ஊருன்னு கேளுங்க சிஸ்டர். கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க."

"கேக்க மாட்டேன்மா. கீழ்ப்படியுதேன்னு வார்த்தை குடுத்திருக்கேன்." என் தலையில் கையை வைத்தார். பிறகு போய்விட்டார். என் உயிருக்காக அவர் கொடுத்தது பன்னிரண்டு மணி நேரமும் தான் இருந்த இடமும் என்று நினைத்து அன்றைக்குப் பூராவும் அழுதேன். யார் சொல்லியும் கேட்கவில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. மருந்து ஏறும்போதே இருமல் பிடித்து உலுக்கும், பிறகு வாந்தி, மறுநாள் மூட்டெல்லாம் வலி. மூன்று மாதம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் எவ்வளவு மருந்து என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அட்டையைத் திருப்பி என் பக்கம் பார்க்க மாட்டச் சொல்லி மதரே உத்தரவு போட்டார். ஆறாவது வாரம் இரண்டாவது மேடு மறைந்தது. பத்தாவது வாரம் முதல் மேடும் போயிற்று. மண்ணீரல் விரல் விரலாகச் சுருங்கியது. ரயில் டிக்கெட்டை என் கணவர் எப்போதோ திருப்பிக் கொடுத்திருந்தார். பங்கஜம் என்னைப் பார்த்ததும் முதலில் மாஷிமாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தக் கறுப்பு முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வாரம் ஆயிற்று அவள் என் மடியில் உட்கார.

நடக்கத் தெம்பு வந்ததும் முதலில் போனது மடத்து வாசலுக்கு. சிஸ்டர் ஆக்னஸை எந்த ஊருக்கு அனுப்பினீர்கள்? வாசல் சிஸ்டர், தெரியாது என்றார். மதரைக் கேட்டேன். அதைச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை, மகளே, அவளுக்காக ஜெபம் செய் என்றார். அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். மாஷிமா சிரிக்கிறார். நம் பெண்கள், உடம்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்கிறார்கள்.

போன சனிக்கிழமை என் கணவரும் கூட வந்தார். வாசல் சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "அவளே கேட்காமல் போய்விட்டாளே அம்மா. நீங்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறீர்கள்?"

"அவங்க கேக்காமப் போயிட்டாங்க. அதான் நான் கேக்கறேன்" என்றேன்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். மதரைப் பார்க்காமல் எழுந்திருப்பதாக இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். என் கணவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.